பன்னிரண்டு எருமைத் தோல்

ஆம்பூரில் பாலாற்றங்கரையை ஒட்டி, தோல் பதனிடும் டேனரிகளின் லாரிகள் திரும்புகிற பொட்டல் ஒன்று இருந்தது. 1981ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அந்தப் பொட்டலை மாநில இயற்கைச் சிற்பக் கழகம் எடுத்துக்கொண்டது. கழகத்துக்கு வேலூரில் ஒரு மாடியில் மூன்று அறைகளும், ஓர் இயக்குநரும், ஒரு துணை இயக்குநரும், ஒரு ஜீப்பும் இருந்தன. சிற்பம் மட்டும் இல்லை. கழகம் தொடங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது.

இது இயக்குநர் பரந்தாமனின் குற்றமல்ல. மனிதக் கை பட்ட எதையும் சிற்பமாக ஏற்கக் கழகத்தின் சட்டம் இடம்தரவில்லை. மழை, வெயில், காற்று, பூச்சி, பறவை, விலங்கு ஆகியவை காலப்போக்கில் தாமாக உருவாக்குவதே சிற்பம் என்று சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொன்னது. அந்தப் பிரிவை எழுதியவரே பரந்தாமன்தான். முதலில் அமிர்திக் காட்டில் ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து வேலி போட்டுக் காத்திருந்தார்கள். மூன்று வருடம் கழித்து அளந்து பார்த்தபோது பாறை பழையபடியே இருந்தது. வேலியை மட்டும் காணோம். மேலிடத்தில் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். சீக்கிரம் உருமாறுகிற பொருள் ஒன்று உடனே தேவைப்பட்டது. ஆம்பூர் வழியாக ஜீப்பில் போய்க்கொண்டிருந்த துணை இயக்குநர் அரங்கநாதன், மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடியே அந்தப் பொருளைக் கண்டுபிடித்தார். பச்சைத் தோல்.

சிற்பத்துக்குக் காவலர் ஒருவர் வேண்டும், தோல் வேலை தெரிந்தவருக்கு முன்னுரிமை என்று அறிவித்தார்கள். முனீர் அகமது விண்ணப்பித்தார். நாற்பத்திரண்டு வயது. இருபது வருடத்துக்கு மேல் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். கால் விரல்களின் இடுக்கில் வெந்த புண் ஆறவே மாட்டேன் என்றதால் அந்த வேலையை விட்டிருந்தார். மனைவி நசீமுன்னிசா வீட்டிலிருந்தபடி செருப்புக் கம்பெனிக்குத் தோல் வெட்டிக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நேர்முகத் தேர்வில் பரந்தாமன் கேட்டார்.

“பச்சைத் தோலை உப்பு போடாம வெளியில விட்டா என்ன ஆகும்?”

“அழுகும் சார்.”

பரந்தாமன் அரங்கநாதனைப் பார்த்துத் தலையசைத்தார். “கவனிச்சீங்களா? நாம பத்துப் பக்கத்துல எழுதினதை இவர் ஒரே வார்த்தையில சொல்லிட்டார்.”

“நாய் வரும் சார். கழுகு வரும். புழு வைக்கும். வெயில் ஜாஸ்தியாச்சுன்னா இறுகும். ஈரத்தோல இரும்புல கட்டிக் காய வுட்டா இரும்பையே முறுக்கிடும் சார். மனுசன் நடுவுல மாட்டினா அவ்ளோதான். அத்த மட்டும் செய்யாதீங்க.”

அரங்கநாதன் தன் தாளில் குறித்துக்கொண்டார்: ‘பொருளறிவு உண்டு. கலை குறித்த அச்சமும் உண்டு. பணியில் அமர்த்தலாம்.’

சிற்பம் இரண்டே நாளில் எழுந்து நின்றது. இரும்புக் குழாய்களை வளைத்துப் போல்ட் போட்டு, பதினாலு அடி உயரத்தில் ஒரு முட்டைக் கூடு. அதன்மேல் அன்று காலையில் உரித்த பன்னிரண்டு எருமைத் தோல்களை ரத்தம் சொட்டச் சொட்ட இழுத்துக் கட்டினார்கள். ஒரு பக்கத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு வாசல். ‘காலத்தின் கர்ப்பம்’ என்று பெயர்ப்பலகை. திறந்துவைக்க வந்த துணை அமைச்சர் ரிப்பனை வெட்டினார்; பிறகு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். பரந்தாமன் மைக்கைப் பிடித்தார்.

“இந்த நிமிடத்திலிருந்து நாங்கள் எதையும் செய்யப்போவதில்லை. எதையும் செய்யாமல் இருப்பதில் எங்கள் கழகத்துக்கு நான்கு ஆண்டு அனுபவம் இருக்கிறது. மற்ற துறைகளும் எதையும் செய்வதில்லைதான். ஆனால் அவை அதை மறைக்கின்றன. நாங்கள் அதைச் சட்டமாகவே இயற்றியிருக்கிறோம். இனி மனிதக் கை இதன்மேல் படாது. எது நடந்தாலும் நாங்கள் பார்த்துக்கொண்டு மட்டுமே இருப்போம் என்று உறுதி கூறுகிறேன்.”

கூட்டம் கைதட்டியது. அந்த உறுதிமொழியைக் கழகம் கடைசிவரை காப்பாற்றியது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

முனீர் அகமதுக்குக் காக்கிச் சட்டையும், ஒரு நாற்காலியும், ‘இயற்கைச் செயல் பதிவேடு’ என்று அட்டை போட்ட ஒரு பெரிய நோட்டும் கொடுத்தார்கள். மனிதர் யாரும் சிற்பத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடப்பதையெல்லாம் நேரம் போட்டு எழுத வேண்டும். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது.

மூன்றாம் நாள் நாய்கள் வந்தன. பதினெட்டு என்று முனீர் எண்ணினார். அடித்தோலைக் கவ்வி இழுத்து, ஒன்றையொன்று கடித்துக் குதறி, ஒரு குட்டியைக் கிழித்தே போட்டன. முனீர் கம்பை எடுத்துக்கொண்டு ஓடி விரட்டினார். மறுநாள் வேலூரிலிருந்து மெமோ வந்தது. நாய் இயற்கையின் அங்கீகரிக்கப்பட்ட உளி என்றும், உளியைத் தடுத்தது சிற்பியைத் தாக்கியதற்குச் சமம் என்றும், இனிமேல் கம்பு வைத்திருக்கக்கூடாது என்றும் அதில் இருந்தது. முனீர் கம்பைத் தூக்கிப் போட்டுவிட்டார். அடுத்த நாள் அதே நாய்களில் ஒன்று அவர் கெண்டைக்காலில் சதையோடு பிடுங்கியது.

ரத்தம் வழியும் காலோடு அவர் பஸ் பிடித்து வேலூருக்குப் போய்க் கழகத்தில் நின்றார்.

“சார், வயித்துல பதினாலு ஊசி போடணும்னு சொல்றாங்க. தெனம் ஒண்ணு. லீவு வேணும் சார்.”

அரங்கநாதன் காலைக் குனிந்து பார்த்தார். “கட்டுப் போட்டுட்டீங்களா? போட்டிருக்கக்கூடாதே.”

“ரத்தம் நிக்கல சார்.”

“அதான். பணி நேரத்துல, சிற்பத்தோட எல்லைக்குள்ள, அங்கீகாரம் பெற்ற நாய் செதுக்கியிருக்கு. இது உங்க கால்னு மட்டும் பார்க்க முடியாது. நிபுணர் பார்த்து முடிவு சொல்ற வரைக்கும் அப்படியே விட்டிருக்கணும்.”

நிபுணர் ஒன்பது நாள் கழித்து வருவதாக இருந்தது. முனீர் நிபுணருக்குக் காத்திருக்கவில்லை. காலையில் ஊசி, பிறகு பஸ், பிறகு நாற்காலி என்று பதினாலு நாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே காவல் இருந்தார். வேலையை விட்டுவிடச் சொன்னாள் நசீமுன்னிசா.

“இது இன்னா உத்தியோகம்? நாய்க்குச் சோறு போடற மாதிரி உக்கார வச்சிக்கீறாங்க உங்கள.”

“விட்டுட்டு எங்க போறது நசீமு? குழியில எறங்க சொல்லு, கால் தாங்காது. இது உக்கார்ற வேலை. பொறுத்துக்கோ.”

பிறகு கழுகுகள் வந்தன. கழுகுகளுக்கும் நாய்களுக்கும் நடந்த சண்டையில் ஒரு நாய்க்குக் கண் போனது. இரண்டு கழுகுகளின் கழுத்து போனது. எல்லாம் அங்கேயே கிடந்து அழுகின. பொட்டலுக்குப் பின்னால் டேனரித் தொழிலாளர் குடியிருப்பு, நாற்பது வீடு. தோல் நாற்றத்தில் பிறந்து வளர்ந்த ஜனங்களுக்கே சோறு இறங்கவில்லை. சட்டியைத் திறந்தால் ஈ. குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சுருண்டன. சவுரியம்மாள் என்கிற பெண் அந்தக் குடியிருப்பில் பெரிய குரல். டேனரியில் தோல் அலசுகிற வேலை. அவள் எல்லோரிடமும் கைநாட்டு வாங்கிக் கழகத்துக்கு மனு அனுப்பினாள். பதில் வந்தது: ‘துர்நாற்றம் சிற்பத்தின் பிரிக்க முடியாத பகுதி. அதை இலவசமாக நுகரும் வாய்ப்புப் பெற்ற குடியிருப்போர் கழகத்துக்குக் கடமைப்பட்டுள்ளனர்.’

பதிலை யாரோ படித்துக் காட்டினார்கள். சவுரியம்மாள் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் அறுபது எழுபது பேர்.

முனீர் நடுவில் போய் நின்றார். “சவுரியக்கா, வாணாம். உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். என் வேலை போய்டும்.”

“எம்பேரனுக்கு உசுரே போவுது பாய். நவுரு.”

முனீர் நகர்ந்தார். ஆனால் பந்தோபஸ்துக்குப் போலீஸ் ஏற்கெனவே வந்து லாரிக்குப் பின்னால் நின்றிருந்தது. எச்சரிக்கை எதுவும் இல்லை. லத்திகள் இறங்கின. ஒரு கிழவரின் முட்டி சில்லாக உடைந்தது. ஒரு பெண்ணின் காது கிழிந்து தொங்கியது. சவுரியம்மாளின் மண்டை பிளந்து, இடது தோளெலும்பு முறிந்து, அவள் சிற்பத்தின்மேல் போய்ச் சாய்ந்தாள். தோலில் ஓராள் உயரத்துக்கு அவள் ரத்தம் வழிந்தது.

மாலையில் பரந்தாமன் ஜீப்பில் வந்து இறங்கினார். இன்ஸ்பெக்டர் சல்யூட் அடித்தார். “கூட்டம் இயற்கையாவே கலைஞ்சிருச்சு சார்.”

பரந்தாமனுக்கு அது காதில் விழவில்லை. ரத்தம் காய்ந்த இடத்தையே தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அரங்கநாதன், இந்த நிறத்தைப் பாருங்க. இது எந்தச் சாயப் பட்டறையில கிடைக்கும்?”

“ஆனா சார், மனிதர் பட்டிருக்கே. மூன்றாம் பிரிவு...”

“மனிதக் கை படக்கூடாதுன்னுதான் இருக்கு. மண்டை படக்கூடாதுன்னு இல்லையே.”

அன்றைய பதிவேட்டில் முனீர் இப்படி எழுதியிருந்தார்: ‘மாலை 4.20. மழை இல்லை. காற்று இல்லை. ஜனங்களை அடித்தார்கள்.’ அரங்கநாதன் கடைசி வரியை அடித்துவிட்டு, ‘மேற்பரப்பில் செம்மை கூடியது’ என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

பங்குனியில் வெயில் ஏறியது. தோல்கள் காய்ந்து பலகை போல விறைத்தன. கூடு பகல் முழுக்கக் கிறீச்சிட்டது. குழாய்கள் உள்வாங்கி வளைய ஆரம்பித்தன. ஒரு மத்தியானம் போல்ட் ஒன்று தெறித்து, முப்பதடி தள்ளி மேய்ந்துகொண்டிருந்த ஆட்டின் நெற்றியில் பாய்ந்தது. ஆடு நின்றபடியே செத்து, பிறகுதான் விழுந்தது. இத்தனைக்கும் பிறகு டெல்லியில் கழகத்தின் பெயர் அடிபட்டது. மூன்று பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழு சித்திரை ஏழாம் தேதி நேரில் வருவதாகத் தந்தி வந்தது.

ஆறாம் தேதி சாயங்காலம் கோடை மழை கொட்டித் தீர்த்தது. தோல்கள் ஊறித் தொளதொளத்தன. ஏழாம் தேதி காலையில் வானம் துடைத்துவிட்டது போல வெளுத்து, எட்டு மணிக்கே வெயில் சுட்டது. அரங்கநாதன் ஒரு ஆர்டரோடு வந்தார். சுருங்கும் வேகத்தைக் குழு கேட்கும். ஆகவே காவலர் சிற்பத்துக்குள்ளேயே உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு முறை வாசலின் அகலத்தை அளந்து எழுத வேண்டும்.

“சார், வெளிய நின்னே அளக்கறேன் சார்.”

“உள்ளளவுன்னு போட்டிருக்கு.”

“மழையில ஊறிக்கீது சார். இந்த வெயிலுக்கு மத்தியானத்துல ஒரேயடியா இறுக்கும். போல்ட்டும் பாதிதான் இருக்குது. உள்ள இருக்கறவன் வெளிய வர முடியாது.”

“எழுத்துல குடுத்திருக்கேன் முனீர். எழுத்துல மறுத்தீங்கன்னா இன்னைக்கே உங்களுக்கு வேலை இல்லை.”

முனீர் உள்ளே போனார்.

அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது. முனீரின் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். அதில் சில வரிகள் மட்டும்:

‘9.00 வாசல் மூன்று அடி. 10.30 இரண்டே முக்கால். 11.45 இரண்டேகால். துணை இயக்குநரிடம் வெளியே வர அனுமதி கேட்டேன். கொடுக்கவில்லை. 12.30 ஒன்றே முக்கால். மறுபடி கேட்டேன். 1.00 ஒன்றரை. துணை இயக்குநர் குழுவை அழைத்துவரப் போய்விட்டார். குழாய் சத்தம் அதிகம். 1.30 ஒன்றேகால். அனுமதி இல்லாமல் வெளியே வரப் பார்க்கிறேன். 1.40 கை மாட்டிக்கொண்டது. 1.45 வலி. 2.00 வலி.’

இடது கையை வாசலுக்கு வெளியே நீட்டி அவர் தோளை நுழைக்கப் பார்த்த நேரத்தில் மேல் போல்ட் அறுந்தது. இரண்டு குழாய்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே வந்து முழங்கைக்குக் கீழே கவ்வின. மூன்றாவது குழாய் நெஞ்சை அழுத்தியது. பதிவேடு மட்டும் வலது கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் எழுதினார். இதை அவரே பிறகு சொன்னார்.

இரண்டு மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த நசீமுன்னிசா முதலில் அந்தக் கையைத்தான் பார்த்தாள். சிற்பத்திலிருந்து தனியாக நீட்டிக்கொண்டு, கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. விரலில் இருந்த வெள்ளி மோதிரத்தை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. தூக்கு கீழே விழுந்தது.

“என்னங்க!”

“நசீமு... மூச்சு வுட முடியல...”

அவள் இடுப்பில் எப்போதும் தோல் வெட்டும் கத்தி செருகியிருக்கும். எடுத்துத் தோலில் ஓங்கிப் போட்டாள். கத்தி வழுக்கிக்கொண்டு போய் அவள் தொடையைக் கிழித்தது.

“கத்திக்கு மசியாது,” என்றது உள்ளேயிருந்து வந்த குரல். “தண்ணி... தண்ணி ஊத்துனா எளகும். சீக்கிரம் எடுத்துனு வா.”

அவள் குடியிருப்பை நோக்கி ஓடினாள். அதே நேரத்தில் டெல்லிக் குழுவோடும் அரங்கநாதனோடும் பரந்தாமனின் ஜீப் வந்து நின்றது. பின்னால் இன்ஸ்பெக்டரும் எட்டு போலீஸ்காரர்களும். குழுவில் வயதான ஒருவர் நீட்டிக்கொண்டிருந்த கையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். இதுவும் சிற்பத்தில் சேர்ந்ததா என்று கேட்டார்.

பரந்தாமன் ஒரு விநாடிதான் தயங்கினார். “ஆமாம். உள்ளூர் மக்களின் பங்கேற்பு.”

“அசைகிறதே?”

“இன்னும் முழுமை அடையவில்லை. மாலைக்குள் அடைந்துவிடும்.”

குழுவினர் மூவரும் எழுதிக்கொண்டார்கள்.

நசீமுன்னிசா இடுப்பில் ஒரு குடத்தோடு திரும்பி ஓடி வந்தாள். கூடவே குடியிருப்பின் பெண்கள் அத்தனை பேரும். பித்தளைக் குடம், பிளாஸ்டிக் குடம், டேனரி வாளி. முன்னால் சவுரியம்மாள், ஒரு கை தூளியில் தொங்க, தலையில் குடத்தை வைத்து மறுகையால் பிடித்தபடி.

பரந்தாமன் இரண்டு கைகளையும் விரித்து மறித்தார். “நில்லுங்க! என்ன காரியம் பண்றீங்க?”

“தண்ணி ஊத்தப் போறேன் சார். எளகினா கை வந்துடும்.”

“ஊத்தக்கூடாதும்மா. அது செயற்கை.”

“நேத்து மழை ஊத்துச்சே சார்! அதுவும் தண்ணிதானே?”

“மழை மேலிருந்து விழுது. அதுக்கு அனுமதி இருக்கு.”

சவுரியம்மாள் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். சிற்பத்தை ஒட்டிப் பெயர்ப்பலகை நின்ற கல்மேடையில் ஏறி, தலையிலிருந்த குடத்தை ஒற்றைக் கையால் அப்படியே தோலின்மேல் கவிழ்த்தாள். “இந்தா, மேலருந்துதான் வுழுது. எழுதிக்கோ!”

இன்ஸ்பெக்டர் விசில் ஊதினார். லத்திகள் மறுபடி இறங்கின. இந்த முறை பெண்களின் தலையில் குடங்கள் இருந்தன. லத்தி பட்ட குடங்கள் உடைந்து அங்கேயே கொட்டின. அடி வாங்கியவள் விழுந்தாலும் குடத்தைச் சிற்பத்தின் பக்கமாகவே சாய்த்து விழுந்தாள். காது கிழிந்திருந்த அந்தப் பெண் பித்தளைக் குடத்தை ஒரு போலீஸ்காரரின் முகத்தில் விட்டாள். மூக்குத்தண்டு நொறுங்குகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இன்னொருத்தி ஒருவரின் மணிக்கட்டைக் கடித்துத் தொங்கினாள். மேடையிலிருந்து சவுரியம்மாளைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டு மிதித்தார்கள். சேறும் ரத்தமும் ஒன்றாகக் கலந்தன. டெல்லிக் குழு அரங்கநாதனோடு ஜீப்புக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டது. தோல் ஊறியது.

நசீமுன்னிசா கத்தியை வாசலின் ஓரத்தில் குத்தி இறக்கினாள். இப்போது இறங்கியது. அரை அடி, ஒரு அடி. ஆனால் குழாயை யாராவது விலக்கிப் பிடித்தால்தான் கை வெளியே வரும். சுற்றிப் பார்த்தாள். நிற்பவர்களில் அடிபடாத, கை காலியான ஆள் ஒருவர்தான் இருந்தார். பரந்தாமனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவந்து, கத்தியை அவர் தொண்டைக் குழியில் வைத்தாள்.

“புடி. இழு.”

“அம்மா, நான் இயக்குநர்... நான் தொடக்கூடாது...”

கத்தி முனையில் ஒரு சொட்டு ரத்தம் துளிர்த்தது. பரந்தாமன் இரண்டு கைகளாலும் குழாயைப் பிடித்து இழுத்தார். சுடுகிற இரும்பில் அவர் உள்ளங்கைத் தோல் உரிந்து ஒட்டிக்கொண்டது. முனீர் அகமது ஒரு மூட்டை போல வெளியே விழுந்தார். கையில் எலும்பு இரண்டு இடத்தில் தெரிந்தது.

கழகத்தின் ஜீப் சிற்பங்களுக்கு மட்டுமே என்று அரங்கநாதன் சொல்லிவிட்டார். பொட்டலில் திரும்பிக்கொண்டிருந்த டேனரி லாரியில், உப்புத் தோல் அடுக்கின்மேல் முனீரையும் சவுரியம்மாளையும் படுக்கவைத்து வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சவுரியம்மாள் ஒரு மாதம் கழித்துக் குச்சி ஊன்றி நடந்தாள். முனீரின் இடது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த கையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றித் தரச்சொல்லி வாங்கிவந்து, அவர் மாமன் ஆம்பூர் கபரஸ்தானில் ஒரு மூலையில் குழி வெட்டி அடக்கம் செய்தார். நசீமுன்னிசா அதற்கு வரவில்லை. அவள் அப்போது ஜெயிலில் இருந்தாள். பதினோரு நாள் கழித்துத்தான் ஜாமீன் கிடைத்தது.

கழகம் விசாரணை நடத்தியது. ஒரே ஒரு கேள்விதான்: சிற்பத்தைத் தொட்டது யார்? பெண்கள் தொடவில்லை, தண்ணீர்தான் தொட்டது. போலீசார் தொடவில்லை, லத்தி தொட்டது. நசீமுன்னிசா தொடவில்லை, கத்தி தொட்டது. முனீர் தொடவில்லை, சிற்பம்தான் அவரைத் தொட்டது. மனிதக் கை என்று பார்த்தால் பட்டது இரண்டே இரண்டு. அவற்றின் தோல் குழாயில் ஒட்டியே இருந்தது. பரந்தாமன், தன் கழுத்தில் கத்தி இருந்ததாக எழுதிக் கொடுத்தார். கழுத்தில் கத்தி இருப்பது ஓர் இயக்குநர் தம் சட்டத்தைத் தாமே மீறுவதற்குப் போதிய காரணமல்ல என்று விசாரணை அதிகாரி அரங்கநாதன் தீர்ப்பு எழுதினார். பரந்தாமனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அரங்கநாதன் இயக்குநர் ஆனார்.

ஆடியில் முனீருக்குப் பதிவுத் தபால் ஒன்று வந்தது. நசீமுன்னிசா வாசித்தாள்.

‘தாங்கள் பணியின்போது, கழகச் சிற்பத்தின் இயற்கைச் செயல்பாட்டினால் உருமாற்றம் பெற்ற இடது முன்னங்கையானது கழகத்தின் சொத்து ஆகும். அதைத் தாங்கள் அனுமதியின்றி மண்ணில் புதைத்துள்ளதாக அறிகிறோம். எனினும் மண், நீர், புழு ஆகியவை அதை மேலும் உருவாக்கி வருவதைக் கருத்தில் கொண்டு, கழகம் அதைத் தனது இரண்டாவது சிற்பமாக ஏற்று மகிழ்கிறது. திறப்பு விழாவில் தாங்கள் கௌரவிக்கப்படுவீர்கள்.’

“நம்ம கைய... நம்ம கைக்கு விழாவா?” என்றாள்.

முனீர் வலது கையை நீட்டினார். கடிதத்தை வாங்கி, எழுத்துகளை மறுபடி ஒருமுறை பார்த்தார். படித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

கபரஸ்தானுக்குள் நுழைய ஜமாத் விடவில்லை. அதனால் மதிலுக்கு வெளியே, சாலையோரத்தில் பந்தல் போட்டார்கள். பந்தலிலிருந்து மதிலைத் தாண்டி அந்த மூலையைக் காட்டும் அம்புக்குறி வரைந்த பலகை. அரங்கநாதன் பேசினார்.

“நமது முதல் சிற்பத்தில் ஒரு குறை இருந்தது. அது கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் வீண் புகார்கள் வந்தன. இந்தச் சிற்பம் மண்ணுக்குள் இருக்கிறது. யாரும் பார்க்க முடியாது, குறை சொல்ல முடியாது, நாங்களும் மேற்பார்வையிட வேண்டியதில்லை. ஒரு கழகம் அடையக்கூடிய உச்சம் இது. இதற்காகத் தன் கையை மனமுவந்து வழங்கிய திரு. முனீர் அகமது அவர்களுக்கு இந்தப் பொன்னாடை.”

முனீர் மேடைக்குப் போனார். சட்டையின் இடது கையை மடித்து ஊக்குப் போட்டிருந்தாள் நசீமுன்னிசா. அரங்கநாதன் சால்வையை விரித்துத் தோளில் போட நெருங்கினார். புகைப்படக்காரர் குனிந்தார்.

“மனமுவந்தா சார்?” என்று கேட்டார் முனீர்.

“சும்மா ஒரு பேச்சுக்கு. சிரிங்க, போட்டோ எடுக்கறாங்க.”

முனீர் அடித்தார். அவர் வாழ்க்கையில் ஒரு மனிதனை அடித்தது அதுதான் முதல் தடவை. டேனரியில் ஈரத்தோலைக் குழியிலிருந்து இழுத்து இழுத்து உரமேறிய வலது கை. அரங்கநாதனின் முன்பற்கள் மூன்று மேடையில் தெறித்தன. சாய்ந்தவரை எழவிடாமல் முழங்காலால் நெஞ்சில் அழுத்திக்கொண்டு மறுபடி அடித்தார். தாடை கழன்று ஒரு பக்கமாகப் போயிற்று. மூன்றாவது அடியில் மூக்கு. எண்ணி எண்ணி, அவசரமே இல்லாமல் அடித்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மூன்றோடு அவரே நிறுத்திக்கொண்டார்; நெஞ்சிலிருந்த முழங்காலை எடுக்கவைக்கத்தான் நாலு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. கீழே உட்கார்ந்திருந்த சவுரியம்மாள் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு கைதட்டினாள். விழாவில் கேட்ட ஒரே கைதட்டல் அது.

ஆறு மாதம் கடுங்காவல் போட்டார்கள். கழகம் அரங்கநாதனின் தாடையைத் தன் மூன்றாவது சிற்பமாக ஏற்கலாமா என்று ஒரு குழு அமைத்தது. மனிதக் கை பட்டிருந்ததால் தள்ளுபடி செய்துவிட்டது.

கைதிகளைப் பார்க்க விடுகிற முதல் மனு நாளில் நசீமுன்னிசா வேலூர் ஜெயிலுக்குப் போனாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் முனீர் வந்து நின்றார். கொஞ்சம் சதை பிடித்திருந்தார். அவளுக்கு அழுகை வந்தது.

“தூக்கம் வருதா?”

“இப்ப வருது நசீமு.” சட்டையின் மடிப்பைத் தடவிக்கொண்டார். “உங்கிட்ட சொல்லல. சொன்னா நீ பேஜாராய்டுவேன்னு. வெட்டினதுலருந்து அந்தக் கை மூடிக்கினே கெடந்துச்சு. இல்லாத கைதான். ஆனா மூடிக்கீது. நகம் உள்ள குத்துது. விரிக்கப் பாக்கறேன், விரிய மாட்டேங்குது. மூணு மாசம்.”

“அப்புறம்?”

“அந்த ஆள அடிச்சேன் பாரு, மூணாவது அடி. அப்ப விரிஞ்சுது.”

நேரம் முடிந்ததாக வார்டர் குரல் கொடுத்தார். நசீமுன்னிசா முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“மூணுல ஏன் நிறுத்துனீங்க?” என்று கேட்டாள்.